சி அக்காவின் அட்டைப் பெட்டி

“நேத்து அந்தத் தங்கச்சி அவ்வளவு நேரம் அழுதாங்களே, கர்ச்சீப் நனைஞ்சுதா?”

அகராதி அலுவலகத்தின் மாடிப்படியில் ஏறிக்கொண்டே சந்தேகம் சார் கேட்டார்.

“அழுறவங்க கர்ச்சீப்பை வாங்கிப் பிழிஞ்சு பாக்கறதா சார் நம்ம வேலை?” என்றேன்.

“அதேதான் நம்ம வேலை.”

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு ஊரே சேர்ந்து வைத்த பெயர் சந்தேகம் சார். மனைவி ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்தால்கூட ‘என்ன விஷயம்?’ என்று கேட்கிற மனுஷர். நான் அவருடைய உதவியாளர். எனக்கு அவர் வைத்த பெயர் வாயாடி. எட்டு வருஷமாக அந்தப் பெயருக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை.

விஷயம் இதுதான். முந்தின நாள் மாலை ஒரு பெண் எங்கள் அறைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உடை, தணிந்த குரல். வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது, மழையில் டாக்ஸி கிடைக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். அவருடைய அக்காவைப் பன்னிரண்டு நாளாகக் காணவில்லையாம். வீடு பூட்டிக் கிடக்கிறது. போன் அணைந்து கிடக்கிறது. அக்கா ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதிக்கு வீட்டிலிருந்தே பொருள் எழுதிக் கொடுப்பவர். போன் போட்டு விசாரித்தால், அந்த அட்டைகள் மட்டும் தினமும் அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன, அக்காவின் கையெழுத்திலேயே. ‘வேலை பாக்கறவங்க எப்படிம்மா காணாமப் போனவங்க ஆவாங்க?’ என்று போலீஸில் கையை விரித்துவிட்டார்களாம்.

“எங்க அக்கா உயிரோட இருக்காளான்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்,” என்று தேம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து இன்னொன்றும் கேட்டார். “அட்டை எந்தச் சொல் வரைக்கும் வந்திருக்குன்னு தினமும் எனக்குச் சொல்றீங்களா?”

பாவம், பாசம் என்று நான் நினைத்தேன். சார் அப்படி நினைக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

அலுவலகம் ஒரே நீள அறை. சுவர் முழுக்க மரப்பெட்டிகள், பெட்டிக்கு ஓர் எழுத்து. கணினி ஒன்று மூலையில் உறை போட்டு உட்கார்ந்திருந்தது. எல்லாம் அட்டையில் முடிந்து, சரிபார்த்த பிறகுதான் அதற்கு வேலை என்றார் ஆசிரியர். அந்த அகராதியின் தலைமைப் பொறுப்பு அவருக்கு.

“சி அக்கா எங்கே போனாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா ஒரு நாள்கூட வேலை நிக்கல. தினம் நாப்பது அட்டை தபால்ல வந்துடுது.”

“சி அக்காவா?”

“இங்க யாருக்கும் பேர் கிடையாது. எழுத்துதான் ஆள். அதோ ஏ அண்ணன், அது பி அக்கா. டி எழுத்தை எடுத்துக்க மட்டும் ஒரு பொம்பளையும் சம்மதிக்கல. அதனால அது டி மாமா.”

ஜன்னலோர மேசையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தலையைத் தூக்காமல் கையை மட்டும் தூக்கினார்.

“அப்ப எஸ் யாரு?” என்றேன்.

எல்லோரும் அட்டைகளுக்குள் குனிந்துகொண்டார்கள். ஆசிரியர் மட்டும் உற்சாகமாகச் சொன்னார். “எஸ்தான் இருக்கறதுலயே பெரிய எழுத்து. யார் முதல்ல முடிக்கறாங்களோ அவங்ககிட்டக் கொடுக்கறதா இருக்கேன். மூணு வருஷமாச்சு, இன்னும் யாரும் முடிக்கல.”

ஏ அண்ணன் இருமினார். பி அக்கா ஒரு பென்சிலை ரொம்பக் கவனமாகச் சீவ ஆரம்பித்தார். சந்தேகம் சார் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். எனக்கும் புரிந்தது. இந்த அறையில் எத்தனை பேர் எப்போதோ முடித்துவிட்டு, வீட்டுப் பரணில் கட்டிவைத்துக்கொண்டு, தினம் நாற்பது நாற்பதாகக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ!

சி பெட்டி வந்தது. ஒவ்வோர் அட்டையிலும் சொல், பொருள், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், மூலையில் தேதி. இது சொற்களோடு ஆங்கிலப் பெயர்களுக்கும் பொருள் சொல்கிற அகராதி. நான் ஒரு கட்டைப் பிரித்தேன், வாயை மூட முடியவில்லை.

“சார், இதைக் கேளுங்க. கால்வின்னா சின்ன வழுக்கைத் தலையனாம். கேமரன்னா கோணல் மூக்கு. கேம்ப்பெல்னா கோணல் வாய். கிளாடியாவுக்கு வேர்ச்சொல் நொண்டி, சிசிலியாவுக்குக் குருடு. பிள்ளைக்குப் பேர் வச்சாங்களா, இல்ல தெருச் சண்டையில திட்டினதை எழுதிவச்சுக்கிட்டாங்களா?”

“சண்டையை அப்புறம் பாக்கலாம். தேதியைப் பாரு.”

“நேத்து, முந்தாநாள், அதுக்கு முந்தின நாள். பன்னிரண்டு நாளும் தேதி ஒழுங்கா இருக்கு சார்.”

“அதான் உதைக்குது.” ஆசிரியர் பக்கம் திரும்பினார். “நீங்க அகர வரிசையிலதான் எழுதுவீங்களா?”

“ஐயோ, யாரும் அப்படி எழுத மாட்டாங்க. வகை வகையாத்தான். தச்சுச் சாமான் எல்லாம் ஒரு நாள், மீன் எல்லாம் ஒரு நாள், பேரெல்லாம் ஒரு நாள். அப்பதான் நடை ஒண்ணா வரும். சி அக்கா அதுல ரொம்பக் கண்டிப்பு. நம்ம மொழியில இருந்து அங்க போன சொற்கள் இருக்கே, கட்டமரான், செரூட், காயர், அதெல்லாம் கட்டுமரமும் சுருட்டும் கயிறும்தான். பொறந்த வீட்டுச் சொல்லுன்னு செல்லமாச் சொல்வாங்க. அதையெல்லாம் கடைசியில எழுதுவேன்னு எடுத்து வச்சிருந்தாங்க.”

சார் ஓர் அட்டையை உருவி அவர் முன்னால் வைத்தார். கட்டமரான். காணாமல் போன ஏழாம் நாள் தேதி.

“பன்னிரண்டு நாளா அட்டை அகர வரிசையில வருது. எழுதறவங்க அப்படி எழுத மாட்டாங்க. முடிச்சு அடுக்கி வச்ச கட்டுல இருந்து மேலாக எடுத்தா அப்படித்தான் வரும். இன்னொண்ணு. இது ‘கேப்’, தொப்பி. வாக்கியத்தைப் படி, வாயாடி.”

படித்தேன். “‘வெயில் மண்டையைப் பிளக்கிறது, தொப்பி இல்லாமல் மாடிக்குப் போக முடியவில்லை.’ தேதி போன திங்கள்கிழமை.”

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பதினைந்து நாளாக விடாத மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

“ஏதாவது தோணினதை எழுதியிருக்கலாமே?” என்றேன்.

“அவங்க அப்படி எழுத மாட்டாங்க,” என்று பி அக்கா முதல்முறையாக வாயைத் திறந்தார். “அவங்க வாக்கியம் எல்லாம் நிஜமா நடந்ததாத்தான் இருக்கும். கற்பனையா ஒரு வரி எழுதுங்கன்னா சண்டைக்கு வருவாங்க. அகராதி பொய் சொல்லக் கூடாதாம்.”

அட்டைகள் பழையவை, தேதி மட்டும் புதிது. அப்படியானால் உயிரோடு இருப்பதாகக் காட்ட யாரோ அனுப்புகிறார்கள். எழுதியவர் எங்கே? இருக்கிறாரா, இல்லையா? பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அறையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். எல்லா முகமும் திருட்டு முகமாகத்தான் தெரிந்தது.

“இன்னிக்கு வந்த உறை எங்கே?” என்றார் சார்.

ஆசிரியர் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

“தபால்ல வந்ததுன்னு சொன்னீங்க. தபால்தலையே இல்லையே? சரி, அதை விடுங்க. ஊரெல்லாம் ஊறிக் கிடக்கு, படியேறின எங்க சட்டையே ஈரம். இந்த உறை மட்டும் அப்பளம் மாதிரி இருக்கு. இது வெளியில இருந்தே வரல. காலையில முதல்ல வர்றது யாரு?”

எல்லாக் கழுத்தும் ஜன்னலோரம் திரும்பியது. டி மாமாவின் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது.

எனக்குக் கை பரபரத்தது. படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய்த் தங்கைக்குப் போன் போட்டேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, துப்புக் கிடைத்துவிட்டதே என்ற வேகம்.

“ஆளைப் புடிச்சாச்சுங்க! ஜன்னலோர மேசைக்காரர்தான் அட்டையை வைக்கிறார். இன்னிக்கு ‘கோல்’ வரைக்கும், அதாவது நிலக்கரி வரைக்கும் வந்திருக்கு. மிச்சம் அவர்கிட்டதான் இருக்கணும்…”

“வரேன்,” என்றது மறுமுனை. அழுகையும் இல்லை, அக்காவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பின்னாலிருந்து ஒரு கை என் போனைப் பிடுங்கியது. சந்தேகம் சார். அவர் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

“யாரைக் கேட்டு போன் பண்ணின?”

“தங்கச்சி சார், பாவம் அவங்க…”

அவர் ஓர் அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். சைல்ட். குழந்தை. கீழே சி அக்காவின் உருண்டையான கையெழுத்தில் வாக்கியம்: ‘என் பெற்றோருக்கு நான் ஒரே குழந்தை.’

என் வாய்க்கொழுப்புக்கு ஒரு உயிர் போய்விடுமோ என்று நினைத்தேன். சார் அதே போனில் இன்ஸ்பெக்டருக்குப் பேசினார். பேசி முடித்ததும் டி மாமாவை அழைத்து, கதவைச் சாத்தினார்.

“எங்களை அனுப்பினது அவங்க தங்கச்சின்னு சொல்லிக்கிட்ட ஒருத்தி. இன்னும் பத்து நிமிஷத்துல இங்க இருப்பா. சொல்றதைச் சொல்லிடுங்க.”

டி மாமா மேசை இழுப்பறையைத் திறந்தார். மேலே டி அட்டைகள், அடியில் நூல் கட்டிய பெரிய கட்டு.

“அவங்க எங்க வீட்டுலதான் இருக்காங்க. என் சம்சாரம் பாத்துக்கறா. கோடையிலயே சி-யை முடிச்சிட்டாங்க. எஸ் தலையில விழுமேன்னு நான்தான் மறைச்சு வைக்கச் சொன்னேன். ஒரே ஒரு அட்டை பாக்கி இருந்துச்சு. ‘கொலிஷன்’. மோதல். நேர்ல ஒரு மோதலைப் பாத்ததே இல்லையாம், அதனால வாக்கியம் எழுத மாட்டேன்னு காலியா வச்சிருந்தாங்க. நாங்க கேலிகூடப் பண்ணுவோம்.” கட்டை எடுத்து சார் முன்னால் வைத்தார். “பதிமூணு நாள் முன்னாடி அதுவும் கிடைச்சிடுச்சு.”

சார் கட்டைப் பிரித்து அந்த அட்டையை எடுத்தார். ‘இன்று புதன்கிழமை காலை 6.40க்கு எங்கள் தெருமுனையில் பச்சை வேன் ஒன்று பேப்பர் போடுபவரின் சைக்கிள் மீது மோதிவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவர் ஒரு பெண்.’ அடைப்புக்குள் வண்டி எண், ஒன்றுவிடாமல்.

“ஜன்னல்ல இவங்க நின்னதைப் பாத்திருப்பா போல, மறுநாளே ஒருத்தி வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கா. மெதுவான குரல்ல, ‘நீங்க ஒண்ணும் பாக்கல, சரியா?’ன்னு கேட்டிருக்கா. இவங்களுக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சாத்தானே? ‘பாத்தேன். கொலிஷனுக்குக் கீழ எழுதியும் வச்சிட்டேன், அகராதியில வரும்’னு சொல்லிட்டாங்க. அன்னைக்கே எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. ஆள் காணோம்னு பேச்சு வந்தா அவ உஷாராயிடுவாளேன்னுதான் நானே தேதி போட்டு தினம் அட்டை வச்சேன்.”

“போலீஸுக்குப் போகலாமே?” என்றேன்.

“நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். போகலாம்னு சொன்னாலே அழறாங்க. ஏன்னு சொல்ல மாட்டேங்கறாங்க.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சார் கொலிஷன் அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மிச்சத்தை நூல் கட்டி மேசை மேல் வைத்தார்.

‘தங்கை’ உள்ளே வந்தார். முகத்தில் கவலை மறுபடியும் ஏறியிருந்தது. “அக்கா எங்கே சார்?”

“வந்துடுவாங்கம்மா. அதுவரைக்கும் இதைப் பாருங்க. உங்க அக்கா கையால எழுதினது. நானூறு அட்டைக்கு மேல இருக்கும். நான் டீ சொல்லிட்டு வரேன்.” சொன்னாரே தவிர நகரவில்லை. சுவரோரம் திரும்பி, பெட்டிகளை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றார்.

கூடப்பிறந்தவளாக இருந்தால் மேல் அட்டையைத் தொட்டுப் பார்த்திருப்பாள். கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கியிருக்கும். இந்த அம்மாளின் விரல் கோட், காயர் அட்டைகளைத் தாண்டி, சீட்டுக்கட்டு பிரிப்பதுபோல் விர்ரென்று போனது. காலரில் நின்றது. காலேஜ். அடுத்தது காலனி. மறுபடி காலேஜ், மறுபடி காலனி.

“இங்க நடுவுல ஒண்ணு குறையுதே,” என்றார்.

“எது?” சார் திரும்பவே இல்லை.

“அதான், கொலி…” அங்கேயே நின்றது.

“நானூறு அட்டையில எது குறையுதுன்னு இந்த ஆசிரியராலகூட ஒரு நாள் பூரா தேடினாத்தான் சொல்ல முடியும். நீங்க அரை நிமிஷத்துல சொல்லிட்டீங்க.” இப்போது திரும்பினார். “உங்க வேன் எந்த ஒர்க்‌ஷாப்புலம்மா இருக்கு? முன்பக்கம் தட்டி எடுத்தாச்சா, இல்ல பெயிண்டே மாத்தறீங்களா?”

அவர் பையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தார். நான் குறுக்கே நின்றேன். வாயால் செய்த தப்புக்கு உடம்பாலாவது பரிகாரம் செய்ய வேண்டாமா? தோளில் இடித்துத் தள்ளிவிட்டு இரண்டு படி இறங்கினார். மூன்றாவது படியில் இன்ஸ்பெக்டர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

மதியம் டி மாமாவின் வீட்டுக் கதவு சங்கிலியோடு திறந்தது. இடுக்கில் தெரிந்த முகம் நான் நினைத்ததைவிடச் சின்னது. நரைத்த தலை, கைவிரலில் மைக்கறை. இனிமேல் பயமில்லை, பிடித்தாகிவிட்டது என்று டி மாமா சொன்னதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“அந்தப் பேப்பர்காரரை எங்க அடக்கம் பண்ணினாங்க?” என்றார்.

“அடக்கமா? உயிரோடதான் இருக்கார், இன்ஸ்பெக்டர் விசாரிச்சுட்டார். கால்தான் ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு,” என்றார் சார்.

சி அக்கா கதவைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பதிமூன்று நாளாகச் செத்துப்போனவர் என்றே நினைத்து அழுதிருக்கிறார். தெருவில் யாரோ ‘போயிட்டாரு’ என்று சொன்னதைக் கேட்டாராம், எங்கே போனார் என்று கேட்கத் தைரியம் வரவில்லையாம். எழுந்ததும் செருப்பைத் தேடினார்.

“ஸ்டேஷனுக்கு வரேன். அதுக்கு முன்னாடி அவரைப் பாக்கணும்.”

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார் பேப்பர்காரர். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பேப்பர்காரரின் கண் சி அக்கா மேல் நின்றது.

“நீங்க அந்த மூணாவது மாடி அம்மாதானே?”

அக்கா தலையசைத்தார்.

“ரோட்டுல கிடந்து உங்க ஜன்னலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க எட்டிப் பாத்துட்டு டக்குனு உள்ள போனீங்க. சரி, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணப் போறாங்க, பொழச்சோம்னு நெனச்சேன். அந்த ஒரு நெனப்புலதாம்மா கண்ணை மூடாமக் கிடந்தேன்.”

மனைவி எழுந்து வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நல்லா இருப்பீங்கம்மா. எங்க வீட்டு விளக்கை அணையாமக் காப்பாத்திட்டீங்க.”

சந்தேகம் சார் தரையைப் பார்த்தார். போலீஸுக்குப் போக அக்கா ஏன் அழுதார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள் அக்கா, ஒரு குடியும் முழுகாது என்று மனசுக்குள் கெஞ்சினேன். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன்.

“நான் போன் பண்ணலைங்க,” என்றார் அக்கா.

“அப்புறம்?” என்றார் பேப்பர்காரர்.

“ஒரு சொல்லுக்கு வாக்கியம் வேணும்னு ஆறு மாசமாக் காத்துக்கிட்டிருந்தேன். உங்களை வண்டி மோதினதும் உள்ள போய் அதை எழுதினேன். நேரம், நிறம், நம்பர் எல்லாம் மறந்துடக் கூடாதேன்னு எழுதினேன். எழுதி முடிச்சு, ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு, அப்புறம்தான் கீழ இறங்கி வந்தேன். அதுக்குள்ள யாரோ உங்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

மனைவி பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

“எவ்வளவு நேரம்?” என்றார் பேப்பர்காரர்.

“ஏழு நிமிஷம்.”

அவர் கூரையைப் பார்த்தார். அந்த ஏழு நிமிஷத்தை மறுபடியும் ஒரு தடவை கிடந்து பார்க்கிறார் போலிருந்தது.

“கோர்ட்டுல இதையும் சொல்லுவீங்களா?”

“முதல்ல இதைத்தான் சொல்லுவேன்.”

“அப்ப வண்டி நம்பர் சொன்னா நம்புவாங்க,” என்றார் அவர். பிறகு மனைவியிடம், “அவங்களுக்கு நாற்காலி போடு.”

மனைவி நகரவில்லை. சி அக்காவே போய்ச் சுவரோரமிருந்த நாற்காலியை இழுத்துவந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.